சாய்கூரையும் மடக்குக் கட்டிலும்

சரிவான கூரையடியில் உள்ள ஓர் அறைக்குள் மடக்குக் கட்டிலைப் பொருத்துவது எப்படி என்பது தச்சரும் வீட்டுக்காரரும் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி; தமிழ் இலக்கியம் பயின்றவனுக்கு அதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் தஞ்சை, குடந்தை, மயிலாடுதுறைப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளின் மாடியறைகள் இன்று வாடகைக்கும் விருந்தினருக்கும் விடப்படுகின்றன. அவ்வறைகளில் பகலில் மடங்கி இரவில் விரியும் கட்டில் வேண்டும் என்று கேட்போர் பெருகியுள்ளனர். கூரையின் சரிவு எங்கே கட்டிலுக்கு இடம் தருகிறது, எங்கே மறுக்கிறது என்பதே அங்கு முதற்கேள்வி. அக்கேள்வியைச் சற்றுப் பின்னோக்கி எடுத்துச் சென்றால், காவிரிப் படுகையில் யார் எந்தக் கூரையின் கீழ் எதன்மேல் படுத்தார்கள் என்னும் வரலாறு விரிகிறது. அதையே இக்கட்டுரையில் காண முயல்கிறேன்.

பள்ளி என்னும் சொல்

சாய்ந்த கூரையின் கீழ் அமைந்த படுக்கைகளுள், நம் நிலத்தில் இன்றும் கண்ணால் காணக்கூடிய மிகப் பழையவற்றுள் ஒன்று தஞ்சைக்குத் தெற்கே புதுக்கோட்டைப் பகுதியில் இருக்கிறது. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர்க்கென 17 கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. தலைப்பக்கம் சற்று உயர்த்தித் தலையணைபோல் செதுக்கப்பட்ட வழவழப்பான படுக்கைகள் அவை. அவற்றுள் பெரியதொன்றில் கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அது இவ்விடத்தை 'அதிட்டானம்' என்று குறிக்கிறது.

மேலே கவிந்திருக்கும் பாறை உட்புறம் செல்லச் செல்லத் தாழ்கிறது. நிமிர்ந்தபடி உள்ளே போக இயலாது. குனிந்து, பின் அமர்ந்து, பின் கிடக்க வேண்டும். கல்லை மடக்க முடியாது, பாறையை உயர்த்தவும் முடியாது. எனவே மனிதன் தன்னை மடக்கிக்கொண்டான். உடலை ஒடுக்குவதையே நோன்பாகக் கொண்ட துறவியர்க்கு அது பொருந்தியிருக்கக் கூடும். இத்தகைய இடங்களையே நம் முன்னோர் பள்ளி என்றனர். படுக்கையைக் குறித்த சொல் துறவியர் உறைவிடத்தைக் குறித்து, பிறகு அங்கு கல்வி பயிற்றப்பட்டதால் கல்விக்கூடத்தைக் குறித்து நிற்பதை நாம் அறிவோம். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டபோது அவ்விகாரமும் பள்ளி என்றே சுட்டப்பட்டது. கோயிலில் இறைவனின் பள்ளியறை, அரசர் சமாதியின்மேல் எழும் பள்ளிப்படை என எல்லாவற்றுக்கும் வேர் உறக்கமே. பழையாறைப் பகுதியில், பட்டீச்சரத்துக்கு அருகில், முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த பஞ்சவன்மாதேவீச்சரம் அத்தகைய பள்ளிப்படைக் கோயில்.

இறப்பையும் உறக்கமாகவே சொன்ன மரபு இது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகள் ஒரு சோழனைச் சுட்டுகின்றன. பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று கல்வெட்டுகள் சுந்தர சோழனைச் சுட்டுகின்றன. எந்தக் கூரையின் கீழ்த் துஞ்சினான் என்பதே அரசனின் அடையாளமாகிவிட்டது.

குறுங்கூரையும் வேயாமாடமும்

சங்க இலக்கியத்தில் இரு வேறு படுக்கை உலகங்கள் உள்ளன. நெடுநல்வாடையில் பாண்டியன் தேவியின் கட்டில், நாற்பதாண்டு நிறைந்த யானையின் தந்தத்தால் இழைக்கப்பட்ட வட்டக் கட்டிலாக வருகிறது. அதன் வேலைப்பாட்டை நக்கீரர் தச்சனின் பக்கத்தில் நின்று பார்த்தவர்போல் விரித்துரைக்கிறார். அத்தகைய கட்டில் மடங்காது, மடங்கத் தேவையுமில்லை. அதற்கென ஓர் அறை, அவ்வறைக்கென ஒரு மாளிகை இருந்தது.

மறுபுறம் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கே 'குறுங்கூரை' என்ற சொல் ஆளப்படுகிறது. தாழ்ந்த அக்கூரைகளின்மேல் மீனவரின் நீண்ட தூண்டிற்கோல்கள் சார்த்தப்பட்டிருந்தன. வீட்டினுள் நிறுத்த முடியாத நீளமான பொருள்கள் வெளியே கூரையின்மேல் சாய்ந்தன என்று நாம் உய்த்துணரலாம். அதே புகாரைச் சொல்லும் சிலப்பதிகாரம் 'வேயாமாடம்' என்னும் சொல்லைத் தருகிறது. கூரை வேயாது தளமாக முடிக்கப்பட்ட மாடம் அது. ஆக, ஒரே நகரில் வேய்ந்த சரிவும் வேயாத தளமும் அருகருகே இருந்தன. சரிவின் கீழ் வாழ்ந்தோர் யார், தளத்தின் கீழ் வாழ்ந்தோர் யார் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கட்டில் என்பதே ஆட்சியின் குறியீடாகவும் ஆயிற்று. அரசுகட்டில், முரசுகட்டில் என்னும் தொடர்கள் இதற்குச் சான்று. முரசு நீராடச் சென்றிருந்த நேரத்தில் அறியாது முரசுகட்டிலில் ஏறி உறங்கிய மோசிகீரனாரை வாளால் துணிக்காது கவரி வீசி நின்ற சேரனைப் புறநானூறு போற்றுகிறது. அப்பாடலைப் புலவர் பெருமைக்குச் சான்றாக வகுப்பறைகளில் நாம் சொல்வது வழக்கம். தனக்கு உரிமையில்லாத கட்டிலில் படுத்தவன் தலை இழப்பான் என்பதே அன்றைய பொதுவிதி என்பதையும் அப்பாடல் சேர்த்தே சொல்கிறது. அதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

கட்டப்பட்டது கட்டில்

கட்டு என்னும் வினையடியாகப் பிறந்தது கட்டில். சட்டத்தின் குறுக்கே கயிற்றையோ நாரையோ கட்டியதால் வந்த பெயர். வடமொழியின் கட்வா என்னும் சொல் திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்று மொழியறிஞர் பலர் கருதுவர். அதன் வழியே இந்தியின் காட் அமைந்தது. இந்தியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டனர். இன்று உலகெங்கும் முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் மடங்கி விரியும் 'காட்' என்பதன் பெயர், அவ்வறிஞர் கூற்றுப்படி, நம் கயிற்றுக் கட்டிலின் கொள்ளுப்பேரன்.

சொற்கள் கடல் கடந்து போனதுபோல் வரவும் செய்தன. தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் தனியறையைக் காமிரா உள் என்பர். காமிரா போர்த்துகீசியச் சொல். சன்னல், அலமாரி, மேசை, சாவி ஆகியவையும் அவ்வாறே. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றும் வரை நாகப்பட்டினம் போர்த்துகீசியர் வசம் இருந்தது என்பதை ஈண்டு நினைக்கலாம். அறைக்கும் அதன் சன்னலுக்கும் அலமாரிக்கும் அயற்சொல் வந்த பின்னும் கட்டில், பாய், தலையணை ஆகியவற்றுக்கு அயற்சொல் வரவில்லை. உறக்கத்தில் நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை போலும்!

மெத்தை என்ற சொல்லும் நோக்கத்தக்கது. பஞ்சடைத்த படுக்கையும் மெத்தை. மாடியோடு கூடிய தள வீடும் மெத்தை. 'மெத்தை வீட்டுக்காரர்' என்றால் காரை பூசிய தளம் போட்ட வீட்டுக்காரர் என்று பொருள். மென்மையான படுக்கையும் சரிவில்லாக் கூரையும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது வெறும் ஒலி ஒற்றுமையாகவும் இருக்கலாம். ஆயினும் அவ்விரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

கூரை ஓர் உரிமை

சோழர் செப்பேடுகளைப் பயில்வோர் அவற்றின் முடிவில் வரும் உரிமைப் பட்டியலை அறிவர். தானமாக வழங்கப்பட்ட ஊரில் மாடமும் மாளிகையும் சுட்ட செங்கல்லால் எடுத்துக்கொள்ளலாம், கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்பன அவற்றுள் சில. அனுமதி என்று ஒன்று எழுதித் தரப்பட்டால், அனுமதியில்லாதோர் பலர் இருந்தனர் என்பதே பொருள். சுட்ட செங்கல்லும் மாடமும் எல்லோர்க்கும் இயல்பாகக் கிட்டியவை அல்ல.

கொங்குப் பகுதியில் கரூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்று இதைத் தெளிவாக்கும். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்துடன் வெளியிடப்பட்ட அவ்வாணை வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே செல்லும்போது செருப்பணியலாம், வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். பெருங்கோயில்களின் சிற்பத்தையும் விமானத்தையும் எழுப்பிய கைகளுக்குத் தம் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. கூரையின் உயரமும் சுவரின் பூச்சும் கட்டடக் கலையோடு சமூக ஒழுங்கையும் சேர்த்துச் சொல்பவை.

முற்றத்து வீடும் மோட்டுவளையும்

அண்மைக் காலத்துக்கு வருவோம். காவிரிப் படுகையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கொட்டுவது. அம்மழை வடியச் சரிவு வேண்டும். ஆகவே தென்னங்கீற்றாயினும் நாட்டோடாயினும் கூரை சரிந்தே அமைந்தது. மங்களூரில் பாசல் மிசன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய தட்டையான சீமை ஓடும், கூரையின் பொருளை மாற்றியதேயன்றிச் சரிவை மாற்றவில்லை.

நிலவுடைமையாளர் வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், காமிரா உள், கொல்லை என்று நீளும். முற்றத்தை நோக்கி நாற்புறமும் கூரை தாழ்ந்து இறங்கும்; மழைநீர் முற்றத்தில் விழும். கூடத்தின் உட்சுவர்ப் பக்கம் கூரை உயரம். தாழ்வாரத்தின் இறவாரப் பக்கம் தாழ்வு. கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் உயரமான பக்கம் கிடைத்தது. ஊஞ்சலின் சங்கிலிகள் கைமரத்தில் மாட்டப்படுவதில்லை. அவை பருத்த விட்டத்தில் தொங்கின. குழந்தையின் தூளியும் அப்படியே. வீட்டின் பிறர் தாழ்வான பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டனர்.

பாயை நாம் மடக்குக் கட்டில் என்று எண்ணுவதில்லை. ஆனால் பகலில் சுருண்டு இரவில் விரியும் படுக்கை அதுவன்றி வேறென்ன? சுருட்டிய பாயைச் சுவரோரம் சார்த்தலாம், பரணில் போடலாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகலாம். காவிரிக் கரைக் கோரையால் நெய்த பாய்க்கும், கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் ஊரின் பாய்க்கும் இன்றும் பெயருண்டு. எவ்வளவு தாழ்ந்த கூரையும் பாயைத் தடுப்பதில்லை. சரிவான கூரைக்குத் தமிழர் கண்ட விடை இதுவே எனலாம்.

படுக்கையைச் சுருட்டும் வழக்கத்தை நம் பக்தி மரபு இறைவனுக்கும் ஏற்றியிருக்கிறது. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டு வெளியேற்றியபோது, குருவான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்படி சொன்னார். பெருமாளும் அவ்வாறே செய்தார் என்பது வரலாறாகப் போற்றப்படும் கதை. மன்னன் மனந்திருந்தி அழைத்தபோது மூவரும் மீண்டனர். பாய் மறுபடி விரிக்கப்பட்டது. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர் வந்தது. அவ்வாழ்வார் பின்னர் வந்து தங்கிய ஊர் நம் குடந்தை. அங்குள்ள சாரங்கபாணிப் பெருமாள் ஆழ்வாரின் சொல்லுக்கு இரங்கி எழத் தொடங்கி, முழுதும் எழாது பாதியில் நின்ற கோலத்தில் இருக்கிறார் என்பர். அதற்கு உத்தான சயனம் என்று பெயர்.

சற்றுக் கணக்கு

இனி மடக்குக் கட்டிலுக்கு வருவோம். மடங்கும் படுக்கை மிகப் பழையது. 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில், மூன்றாக மடியும் பயணக் கட்டில் ஒன்று கீல்களோடு கிடைத்தது. 1860களில் அமெரிக்காவில் புல்மன் தம் இரயில் பெட்டிகளில் மேற்படுக்கையைப் பெட்டியின் வளைந்த கூரையோடு மடித்து ஒட்டவைத்தார். 1885இல் சிகாகோவில் சாரா குட் என்பவர், பகலில் எழுதுமேசையாக நிற்கும் மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் காப்புரிமை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுள் அவர் ஒருவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிசுகோவின் மர்பி, சுவருக்குள் நிமிர்ந்து மறையும் கட்டிலைப் பரப்பினார். இட நெருக்கடியே இவை எல்லாவற்றின் தாய்.

நம் அறையை எண்ணிப் பார்ப்போம். ஒரு பக்கம் உயர்ந்த சுவர், மறுபக்கம் தாழ்ந்த சுவர், இடையே 30 பாகைச் சரிவு. இச்சரிவில் தாழ்சுவரிலிருந்து ஓரடி உள்ளே வந்தால் கூரை ஏறத்தாழ 7 அங்குலம் உயரும். கட்டிலின் நீளம் ஆறேகால் அடி, அகலம் மூன்றடி என்று கொள்வோம்.

தலைமாட்டையோ கால்மாட்டையோ உயர்ந்த சுவரில் கீலிட்டுக் கட்டிலை நிமிர்த்தினால், நின்ற நிலையில் அதற்கு ஆறேகால் அடி போதும். ஆனால் அச்சுவர் ஆறேகால் அடி இருந்தால் கட்டிலை நிமிர்த்தவே முடியாது. எழும்போது அதன் நுனி வட்டமாக வருகிறது. தரையோடு 30 பாகைக் கோணத்தில் வரும்போது சரிந்த கூரையை இடிக்கிறது. இடிக்காமல் எழ வேண்டுமானால் உயர்ந்த சுவர் ஏழேகால் அடியாவது இருக்க வேண்டும். நிற்பதற்கு வேண்டிய இடத்தைவிட எழுவதற்கு வேண்டிய இடம் அதிகம். இக்கணக்கை மறந்து சுவரின் உயரத்தை மட்டும் அளந்து கட்டில் செய்வோர் பிறகு தச்சரை நோவது வழக்கம்.

கட்டிலை நீளவாட்டில், அதாவது மூன்றடி அகலம் மேலெழும்படி கீலிட்டால் சிக்கல் எளிதாகிறது. உயர்ந்த சுவரில் மூன்றரையடி உயரமே போதும். தாழ்சுவரிலும் மெத்தையின் கனத்தோடு மூன்றரையடியில் அடங்கிவிடும். ஆயினும் தாழ்சுவர் நான்கடிக்குக் குறையாதிருத்தல் நலம். இல்லையேல் விரித்த கட்டிலில் எழுந்து உட்காரும்போது கைமரம் தலையில் இடிக்கும். பழைய சுவர்கள் சுண்ணாம்பிலோ மண்ணிலோ வைத்துக் கட்டிய செங்கல் சுவர்கள். அவற்றில் அடித்த ஆணி நாள்தோறும் ஆடும் பாரத்தைத் தாங்காது. தரையில் ஊன்றி நிற்கும் மரச்சட்டத்தில் கட்டிலைக் கீலிடுவதே முறை. ஓட்டைத் தாங்கவே அமைந்த கைமரத்தில் கட்டிலைத் தொங்கவிடுதல் ஆகாது.

இத்தீர்வை நாம் எல்லோரும் அறிவோம். அதன்மேல் படுத்தும் இருக்கிறோம். தஞ்சையிலிருந்து இரவில் சென்னைக்குப் போகும் உழவன் விரைவு வண்டியின் படுக்கைப் பெட்டியில் நடுப்படுக்கை நீளவாட்டில் கீலிட்டு, சங்கிலியில் தொங்கும் மடக்குக் கட்டிலன்றி வேறில்லை. கூரை வளைந்து இறங்கும் இடத்தில் உள்ள மேற்படுக்கை மடங்குவதில்லை. அதில் ஏறியவர் நிமிர்ந்து உட்காரவும் இயலாது. நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே விரிக்கலாம் என்பது இரயில்வே விதி. ஒருவர் படுத்தால் மற்றவர் உட்கார முடியாத இடத்தில், உறக்கத்துக்கும் சட்டம் தேவைப்படுகிறது.

எழுவதற்கான இடம்

முற்றத்து வீட்டின் அழகைப் பாடும் கட்டுரைகள் நம்மிடையே பல உள்ளன. திண்ணை போயிற்று, முற்றம் போயிற்று என்று வருந்துவோரின் மனம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதே ஊரில் வேறொரு சாய்கூரையும் இருந்தது. 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் தங்கி ஆய்ந்த காத்லீன் கஃப், 1961–62இல் ஸ்ரீபுரம் என்ற புனைபெயர் தந்த ஊரில் ஆய்ந்த ஆந்திரே பெத்தேய் ஆகியோரின் நூல்கள் அவ்வூர்களின் அமைப்பைப் பதிவு செய்துள்ளன. அக்கிரகாரம் ஓரிடம், குடியானவர் தெரு ஓரிடம், சேரி வயல்களுக்கு அப்பால் வேறோரிடம். சேரியின் மண்சுவர்க் குடிசைகளில் கூரையே ஏறத்தாழச் சுவர். வாயிலில் குனிந்தே நுழைய வேண்டும். கட்டில் போட்டால் மனிதர்க்கு இடமில்லை. அக்குடிசை நின்ற மனையும் பண்ணையாருடையது. கூலி பற்றிக் கேட்டால் வேலையோடு வீடும் போகும்.

பி. சீனிவாசராவ் போன்றோர் 1940களில் அம்மக்களைத் திரட்டினர். 1952இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்போரை மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971இல் அம்மனையை அவர்க்கே உரிமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில், 1968 திசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணி நிகழ்ந்தது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தப்பியோடி ஒரு சிறு குடிசைக்குள் ஒடுங்கினர், குடிசையோடு எரிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. எழுந்து நின்றோர்மீது இறங்கிய கூரை அது. நிற்பதைவிட எழுவதற்கு அதிக இடம் வேண்டும் என்று மேலே கண்ட கணக்கு கட்டிலுக்கு மட்டும் உரியதன்று.

வெண்மணிக்குப் பின் அப்பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத் தந்தது. பின்னர் மண்குடிசைகளுக்கு மாற்றாகக் கல்வீடுகள் கட்டுவதையும் தன் பணியாக்கிக்கொண்டது. நிலத்துக்கு அடுத்து அம்மக்கள் கேட்டது எரியாத கூரை.

2004 சூலை 16 அன்று குடந்தையில் ஒரு தொடக்கப்பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்ததில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2018 நவம்பர் 16இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கசா புயல், கூரைகளையும் அவற்றுக்குக் கீற்றுத் தந்த தென்னைகளையும் சேர்த்தே சாய்த்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளைக் கட்ட நினைக்கிறது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி.

கான்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உள்ளே இறக்குகிறது என்று அவ்வீட்டார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கீற்றின் குளிர்ச்சி அதற்கில்லை. ஆயினும் கீற்றுக்குத் திரும்புவீர்களா என்று கேட்டால் அவர்கள் சிரிக்கிறார்கள். தளத்தின் கீழ் கட்டிலை எந்தச் சுவரோரமும் நிறுத்தலாம். நெருப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. பட்டா தம் பெயரில் இருக்கிறது. குளிர்ச்சியை ஏட்டில் எழுதுவோர், அதன்கீழ் குனிந்து நுழைந்தவர்களின் கணக்கையும் உடன் எழுதுவதே நேர்மை.

இன்று ஒரே ஊரில் இரண்டும் நடக்கின்றன. பழைய மிராசு வீட்டின் ஓட்டுக் கூரையடியில் விருந்தினர்க்காக மடக்குக் கட்டில் பொருத்தப்படுகிறது. நகரத்தார் அச்சரிவை அழகு என்று பணம் தந்து துய்க்கின்றனர். வயலுக்கு அப்பாலுள்ள தெருவில், 360 சதுர அடிக்குள் அப்பா, அம்மா, பாட்டி, படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் உறங்க வேண்டியிருப்பதால் அங்கும் மடக்குக் கட்டில் விரிகிறது. முன்னவர்க்குச் சிக்கல் கூரையின் சரிவு, பின்னவர்க்குத் தரையின் பரப்பு. கட்டில் ஒன்றே.

தச்சரிடம் அளவு சொல்லப் போகும் அன்பர்களுக்கு மேலே சொன்ன எண்கள் பயன்படட்டும். இலக்கியம் பயிலும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விட்டம், உத்தரம், கைமரம், வரிச்சு, மோட்டுவளை, இறவாரம், பரண், தூளி ஆகிய சொற்கள் ஓட்டு வீடுகளோடு இடிந்துகொண்டிருக்கின்றன. தத்தம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அவற்றைக் குறித்து வையுங்கள். கேட்கும்போது அக்கிரகாரத்திலும் மிராசு வீட்டிலும் மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், வயலைத் தாண்டியும் போய்க் கேளுங்கள். அந்தத் தாழ்ந்த கூரையின் பகுதிகளுக்கும் அங்கே பெயர்கள் இருந்தன. அவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே.